தேதி போடும் வேலை

லெஸ்டர், இங்கிலாந்து
14 ஜனவரி 1973

அன்புள்ள அத்தானுக்கு,

வந்து சேர்ந்தேன் என்ற தந்தி கிடைத்திருக்கும். நலம் என்று எழுதினால் பாதிதான் உண்மை. குளிரில் விரல் மரத்துப் போகிறது. இங்கே அரிசியைப் பாலில் வேகவைத்துச் சர்க்கரை போட்டுத் தருகிறார்கள். மற்றபடி நலம். குழந்தை ஆலிஸ் தூங்கப் போகும்போது என்னைத் தேடுகிறாளா என்பதை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள்.

மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும்போது நீங்கள் கேட்டீர்கள்: "அங்க போயி இன்னா வேலை செய்யப் போறே, ஒரு வரியில சொல்லு." அன்றைக்கு எனக்கே தெரியாது. கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்ற பயம்தான் இருந்தது. இப்போது ஒரு வரியில் சொல்கிறேன். ஃபைல்களுக்குத் தேதி போடும் வேலை.

சிரிக்காதீர்கள். எங்கள் கம்பெனி ஒரு புதிய கம்ப்யூட்டர் செய்கிறது. அதை நடத்தும் மூலப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பைப் போல, எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது. கம்ப்யூட்டரின் மெமரி வேகமானது, ஆனால் சிறியது. டிஸ்க் பெரியது, ஆனால் மெதுவானது. அதனால் எழுதுவதை முதலில் மெமரியில் எழுதிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது கெர்னல் அதைப் பக்கம் பக்கமாக டிஸ்க்குக்கு அனுப்பும். ஒவ்வொரு ஃபைலிலும் அது கடைசியாக எப்போது மாறியது என்ற தேதி இருக்கும். அந்தத் தேதியைச் சரியாக வைத்திருப்பது என் பொறுப்பு. தினமும் மாலையில் ஒரு புரோகிராம் அதைப் பார்த்து, மாறிய ஃபைல்களை மட்டும் டேப்பில் நகல் எடுக்கிறது. டிஸ்க் உடைந்தால் அந்த டேப்தான் கதி.

பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும் பகுதியை எழுதியவர் சங்கரநாராயணன் என்ற கும்பகோணத்துக்காரர். இங்கே வந்து பல வருடங்கள் ஆகிறது. எல்லோரும் அவரைக் கண்டால் எழுந்து நிற்காத குறைதான். "தேதியா? புதுசா வர்றவங்களுக்கு அது சரியான வேலைதான்" என்று தமிழில் சொன்னார். அதற்குப் பிறகு ஆங்கிலம் மட்டும்தான்.

ஒப்பந்தம் அக்டோபரில் முடிகிறது. டிசம்பர் எட்டு, மாதா திருநாளில் ஆலிஸுக்குப் புதுநன்மை, நம் பிள்ளை முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். அவள் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப் போவது நான்தான். இதை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
ஃப்ளோரன்ஸ்


ராயபுரம், சென்னை
9 பிப்ரவரி 1973

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

முதல் வாரம் தேடினாள். இப்போது உன் நீலப் புடவையை மடித்துத் தலையணை மேல் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். மறைக்கக் கூடாது என்றாய், எழுதிவிட்டேன்.

எனக்கு எண்ணூர் மின் நிலையத்தில் மத்தியான ஷிப்ட் வரும் வாரங்களில் எதிர்வீட்டு சிலுவையம்மாள் அக்காதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு வந்து, குளித்து, ஆலிஸுக்குத் தலை வாரி, ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பி வைக்கிறாள். போன ஞாயிறு என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா நைனா, ஒம் பொண்டாட்டி வெள்ளக்காரன் ஊர்ல இன்னா வேல பண்ணிகினு கீது?"

"மிஷினுக்குள்ள தேதி போடுறா அக்கா."

"காலண்டர் கியிக்கிற வேலயா? அதுக்கா இத்தினி படிப்பு?"

உன் கடிதத்தை எடுத்து வந்து அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினேன். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து கேட்டாள். பாதியில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னாள். முடிந்ததும், "அப்ப தேதி தப்பாப் பூட்ச்சின்னா சரக்கும் பூடும், அப்டித்தானே?" என்றாள். அப்படித்தான் என்றேன். "அப்ப அது பெரிய வேலதான். ஜாக்கிரதையா போடச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து தெருவில் யார் கேட்டாலும் உன் வேலையை விளக்குவது அவள்தான். என்னைப் பேச விடுவதில்லை.

என்னோடு பாய்லர் ஹவுஸில் வேலை செய்யும் வரதன் மட்டும், "பொண்டாட்டிய சீமைக்கு அனுப்பிட்டு நீ இங்க மொளகா அரச்சிகினு கீறியே மாமு" என்று கிண்டல் செய்கிறான். அரைக்கிறேன்டா, நன்றாகவே அரைக்கிறேன் என்றேன். உண்மையில் குழம்பு நன்றாக வருகிறது. நீ வந்து சாப்பிட்டால் கொஞ்சம் வருத்தப்படுவாய்.

உன் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை நீ இவ்வளவு தெளிவாகப் பார்க்கிறாய். அது எனக்குப் பெரிதாக இருக்கிறது. இன்னும் எழுது.

உன்
சவரி


லெஸ்டர்
20 மே 1973

அன்புள்ள அத்தானுக்கு,

பெரிய தப்பு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

ஒரு ஃபைலை மாற்ற இரண்டு வழி உண்டு. ஒன்று, புரோகிராம் கெர்னலிடம் "இதை எழுது" என்று கேட்பது. கேட்கும்போதே நான் தேதி போட்டுவிடுவேன். இன்னொன்று, ஃபைலை அப்படியே மெமரியில் விரித்து வைத்துக்கொண்டு புரோகிராம் தானே நேராக எழுதுவது. இதில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தப் பக்கம் மாறியிருக்கிறது என்று கெர்னலுக்குத் தெரிய வருவதே, பக்கத்தை டிஸ்க்குக்கு அனுப்பும் நேரத்தில்தான். சங்கரநாராயணனின் பகுதி அதைப் பார்க்கிறது, பக்கத்தை ஒழுங்காக அனுப்புகிறது. ஆனால் தேதி போடும் என் பகுதிக்குச் சொல்வதில்லை. ஃபைலுக்குள் எல்லாம் புதிது, மேலே தேதி மட்டும் பழையது. மாலையில் டேப் எடுக்கும் புரோகிராம் பழைய தேதியைப் பார்த்து, இது மாறவில்லை என்று தாண்டிப் போய்விடுகிறது.

அவரிடம் சொன்னேன். "அந்த வழியை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை. தவிர, அனுப்பும் நேரத்தில் தேதி போட்டால் மெஷின் நின்றுவிடும்" என்றார். நான் நம்பவில்லை. நானே எழுதி, எல்லோரையும் கூப்பிட்டு ஓட்டிக் காட்டினேன். மெஷின் நின்றுவிட்டது. ஒரு வேலை பக்கத்தைப் பூட்டிப் பிடித்துக்கொண்டு, தேதி எழுதியிருக்கும் ஃபைலின் குறிப்புக்காகக் காத்திருந்தது. இன்னொரு வேலை குறிப்பைப் பூட்டிப் பிடித்துக்கொண்டு அதே பக்கத்துக்காகக் காத்திருந்தது. நம் சந்தில் மீன் வண்டியும் கட்டை வண்டியும் எதிரெதிரே வந்து, இரண்டு பேரும் பின்வாங்க மாட்டேன் என்று நிற்பார்களே, அப்படி. அவர் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. ஆனால் நின்றுபோனது என் மெஷின்.

இதை விட்டுவிடலாம் என்றால் மனம் வரவில்லை. முதல் கம்ப்யூட்டர் இந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. புற்றுநோயாளிகளுக்கு எவ்வளவு கதிர் கொடுக்க வேண்டும் என்ற அட்டவணைகளை அதில் வைக்கப் போகிறார்கள். அவை பெரிய ஃபைல்கள். அவர்கள் பயன்படுத்தப் போவது அந்த இரண்டாவது வழியைத்தான்.

சரிசெய்ய எனக்கு ஜனவரி வரை தேவைப்படும் என்று தோன்றுகிறது. கம்பெனி இருக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்க வேண்டும். கேட்கட்டுமா? டிசம்பர் எட்டை நான் மறக்கவில்லை. மறக்காததால்தான் உங்களைக் கேட்கிறேன்.

உங்கள்
ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்
11 ஜூன் 1973

ஃப்ளோரன்ஸ்,

உன் கடிதம் வந்தபோது ஆலிஸ் காய்ச்சலில் கிடந்தாள். மூன்று நாள் லீவு போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். இப்போது எழுந்துவிட்டாள். ஆனால் கண்ணைத் திறந்தவுடன் அவள் கேட்டது அம்மா எப்போது வரும் என்றுதான்.

கம்பெனி கேட்கவில்லை, நீயாகவே இருக்க நினைக்கிறாய். அங்கே அத்தனை பேர் இருக்கிறார்கள், அந்தக் கும்பகோணத்துக்காரர் இருக்கிறார். அவருக்கே கவலையில்லாத தேதிக்கு உனக்கு என்ன கவலை? நம் மகளுக்கும் ஒரு தேதி இருக்கிறது. அது ஒரு முறைதான் வரும். அதைத் திருத்திப் போட முடியாது.

உன் இஷ்டம்.

சவரிநாதன்


லெஸ்டர்
2 ஜூலை 1973

அன்புள்ள அத்தானுக்கு,

காய்ச்சலைப் பற்றி அன்றே தந்தி கொடுத்திருக்கலாம்.

அக்டோபரில் புறப்படுகிறேன். தப்பை ஒரு தாளில் விளக்கி எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். வாங்கி மேசை மேல் வைத்தார். என்னால் ஆனது அவ்வளவுதான்.

ஆலிஸுக்கு முத்தங்கள்.

ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்
12 ஆகஸ்ட் 1973

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

உன் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தே சிலுவையம்மாள் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னா, இம்மாத்தூண்டு எய்திகீது? சண்டையா?" என்றாள். நான் மழுப்பினேன். அவள் விடவில்லை. கடைசியில் உன் மே மாதக் கடிதத்தையும், நான் எழுதிய பதிலையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் வீட்டுக்காரர் தொண்டையில் கட்டி வந்து செத்துப்போனது உனக்குத் தெரியும். பொது ஆஸ்பத்திரியில் அவருக்குக் கரண்டு வைக்க, அதுதான் நீ எழுதிய அந்தக் கதிர் கொடுக்க, அவள் தினமும் அழைத்துப் போனாள். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. அவளுக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை.

"அந்த ரூமு கதவ சாத்திட்டு அவர உள்ள வுட்டுட்டு வெளிய குந்திகினு இருப்பேன். உள்ள இன்னா நடக்குதுன்னு நம்முளுக்குத் தெரியாது. அளவு போடறவன் சரியா போடுவான்னு நம்பிதான் குந்திகினு இருப்பேன். எவ்ளோ ஜனம் அப்டி குந்திகினு கீது தெரியுமா?" என்றாள். பிறகு குரலை உயர்த்தினாள். "புதுநன்மைக்கு நான் கீறேன், நீ கீறே, கோயிலு நெறய ஜனம் கீது. அந்த ஆஸ்பத்திரிக்கு யாரு கீறா? ஒம் பொண்டாட்டி ஒருத்திதான்யா கீறா. அத்தப் போயி வான்றியே."

அன்றே ஆலிஸை மடியில் உட்கார வைத்து, அம்மா வர லேட்டாகும், வேலை பாதியில் இருக்கிறது என்று சொன்னேன். அழுதாள். நன்றாகவே அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பாதில வுட்டா டீச்சர் திட்டுவாங்களா?" என்று கேட்டாள். யாரும் திட்ட மாட்டார்கள், அதுதான் கஷ்டம் என்றேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ.

நீ இரு. முடித்துவிட்டு வா. அந்த ஜூன் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன்
சவரி


லெஸ்டர்
7 அக்டோபர் 1973

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேலதிகாரியிடம் போனேன். ஜனவரி வரை இருக்கிறேன் என்றேன். தோளைக் குலுக்கிவிட்டுச் சரி என்றார். ஜூன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் சோதனைக்காகக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். ஒரு நாள் டிஸ்க் பழுதாகிவிட்டது. டிஸ்க் என்றால் பழுதாகத்தான் செய்யும், அதற்குத்தானே டேப் இருக்கிறது என்று எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். டேப்பிலிருந்து எடுத்தால், கதிர் அட்டவணைகள் எல்லாம் முதல் நாள் ஏற்றியவை. இடையில் செய்த திருத்தம் ஒன்றும் இல்லை. நல்ல வேளை, அங்கே கதிர் அளவைக் கணக்கிடும் பௌதிக அம்மா சந்தேகப் பிராணி. புதிய மெஷினை நம்பாமல் ஒவ்வொன்றையும் கையால் கணக்குப் போட்டுப் பார்ப்பவர். அவர் கண்ணில் பட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் கூட்டம். ஆஸ்பத்திரிக்காரர்களும் வந்திருந்தார்கள். மேலதிகாரி என் பக்கம் திரும்பி, "தேதி உங்கள் பொறுப்பு அல்லவா?" என்றார். நான் கொடுத்த தாளை அவர் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறப்பதற்குள் சங்கரநாராயணன் எழுந்துவிட்டார்.

"தப்பு என் பகுதியில் இருக்கிறது. மே மாதமே இவர் என்னிடம் சொன்னார். நான் கேட்கவில்லை. இவர் சொல்வதைக் கேட்டிருந்தால் இந்தக் கூட்டமே தேவையில்லை" என்றார். உட்காராமல் தொடர்ந்தார். "இதைச் சரிசெய்ய இவரால் முடியும். நான் இவருக்குக் கீழே உதவியாக இருக்கிறேன்."

அத்தான், அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர். அதைச் சொல்லும்போது அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எனக்கு அவர்மேல் ஜனவரியிலிருந்து இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இப்போது இருவரும் ஒரே மேசையில் வேலை செய்கிறோம். தமிழில்தான் சண்டை போடுகிறோம். வழி கிடைத்துவிட்டது. பக்கத்தைப் பிடித்திருக்கும்போது தேதியைத் தொடக் கூடாது. "இந்த ஃபைல் மாறியிருக்கிறது" என்று ஒரு சின்ன அடையாளம் மட்டும் வைத்துவிட்டு, பக்கத்தை விட்டுவிட வேண்டும். கையில் எதுவும் இல்லாதபோது திரும்பி வந்து, ஃபைலின் குறிப்பைப் பூட்டித் தேதி போட வேண்டும். டேப் எடுக்கும் முன் எல்லாப் பக்கங்களையும் ஒரு முறை பார்த்து, அடையாளங்களையெல்லாம் தீர்த்துவிட வேண்டும்.

எந்த நேரத்தைப் போடுவது என்பதில் பெரிய விவாதம். எழுதிய நேரம் நமக்குத் தெரியாது, டிஸ்க்குக்குப் போன நேரம்தான் தெரியும். அது கொஞ்சம் பிந்தியது. "பிந்தின தேதியால ஒரு நகல் கூடுதலா எடுப்போம், நஷ்டமில்ல. முந்தின தேதிதான் ஆளைக் கொல்லும்" என்றார் அவர். அதோடு விவாதம் முடிந்தது.

சொன்னால் எளிது. எழுதினால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு புதிய சிக்கல் வருகிறது. ஆனால் இதுவரை மெஷின் நிற்கவில்லை.

ஆலிஸை அழவிட்டேன் என்பது மட்டும் நெஞ்சில் இருக்கிறது. நீங்கள் அரைத்த குழம்பும்.

உங்கள்
ஃப்ளோரன்ஸ்


ராயபுரம்
10 டிசம்பர் 1973

அன்புள்ள ஃப்ளோரன்ஸ்,

புதுநன்மை நல்லபடியாக முடிந்தது. காலையில் தூறல். தெருவெல்லாம் சேறு. ஆலிஸின் வெள்ளை உடுப்பில் ஒரு துளி படக் கூடாது என்று சிலுவையம்மாள் அக்கா அவளைக் கோயில் வாசல் வரை தூக்கிக்கொண்டே வந்தாள். எட்டு வயதுப் பிள்ளையை. இறக்கிவிட்டபோது மூச்சு வாங்கியது. "எறங்கு ராசாத்தி. இனிமே சேசு பாத்துக்குவாரு" என்றாள்.

கோயிலுக்குள் அழைத்துப் போனது நான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள். திரும்பி வரும்போது, "அப்பா, அம்மாவுக்காகவும் வேண்டிக்கினேன்" என்றாள்.

நீ எழுதாத ஒன்று நடந்தது. பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடக்கும்போது, வாசலில் கோட்டுப் போட்ட ஒருவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு சேற்றில் நின்றார். சங்கரநாராயணன். லீவில் வந்தாராம். நீ கொடுத்தனுப்பிய வெள்ளை முக்காட்டை நேரத்துக்குக் கொண்டுவர நினைத்து, தவறி டோல்கேட் வரை போய்விட்டுத் திரும்பி, வழி கேட்டு வருவதற்குள் பூசை முடிந்துவிட்டது. அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகையே வரும்போல இருந்தது. ஆலிஸ் உடனே முக்காட்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டாள்.

சிலுவையம்மாள் அக்கா அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஐயரே, மீனு படாத சட்டி தனியா கீது. தயிரு சோறும் கீது. பயப்படாம துன்னு" என்றாள். அவர் சிரித்தார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்ட பிறகு என்னிடம் பேசினார்.

"மே மாசம் அந்த மெஷின் நின்னப்ப நாங்க எல்லாரும் சிரிச்சோம் சார். நானும்தான். மறுநாள் காலைல நான் போறதுக்கு முன்னாடியே உங்க மனைவி அதே நாற்காலில உக்காந்திருந்தாங்க. அவமானப்பட்டவங்க மாதிரி இல்ல. ஏன் நின்னுதுன்னு எழுத ஆரம்பிச்சிருந்தாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுது, இவங்க என்னைத் தாண்டிப் போயிடுவாங்கன்னு. அது பிடிக்காமத்தான் கேக்காம இருந்தேன்."

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

"நாங்க எழுதற ஒவ்வொரு பகுதிக்கும் மேல எழுதினவங்க பேரைப் போடுவோம்" என்றார். "அந்தப் பகுதியில என் பேரு மட்டும்தான் இருந்துது. இப்ப அதுக்கு மேல அவங்க பேரை நானே போட்டிருக்கேன். ஃப்ளோரன்ஸ் சவரிநாதன்."

யாரோ ஒரு பெரிய மனுஷியின் பெயரைச் சொல்கிறார் என்றுதான் முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் அதில் பாதி என் பெயர் என்று உறைத்தது. உடனே வெளியே வந்து பைப்படியில் முகம் கழுவிக்கொண்டேன். வரதன் பார்த்துவிட்டு, "இன்னா மாமு, கண்ணுல மொளகா பட்ச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஃப்ளோரன்ஸ், நான் உன்னைக் கல்யாணம் செய்தபோது நீ கெட்டிக்காரி என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. இன்னும் தெரியவில்லை.

உன்
சவரி


லெஸ்டர்
20 ஜனவரி 1974

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த நாட்டில் நிலக்கரித் தகராறு. வாரத்தில் பாதி நாள்தான் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம். பாய்லர்காரர் பெண்டாட்டி நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். மின்சாரம் எடுக்க உங்களை இங்கே வரச்சொல்லி யாராவது கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. ஆனால் போன செவ்வாயன்று ஏதோ கோளாறில் அங்கேயும் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது டிஸ்க் போயிருந்தது. செய்தி வந்ததும் நானும் சங்கரநாராயணனும் அங்கே ஓடினோம். அவர் ஊரிலிருந்து திரும்பி வந்த மறுநாள் அது.

எங்கள் திருத்தம் ஏறிய பிறகு முதல் தடவையாக டேப்பிலிருந்து எடுத்தார்கள். பௌதிக அம்மா தன் கணக்குத் தாள்களை வைத்துக்கொண்டு அட்டவணைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாங்கள் சுவரோரம் நின்றோம். முந்தின நாள் மாலை வரை அவர் செய்த திருத்தம் எல்லாம் இருந்தது. கடைசித் தாளை மடித்து வைத்துவிட்டு, "இனிமேல் நான் கையால் போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் போட்டுப் பார்ப்பேன்" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வெளியே வந்தால், தாழ்வாரத்து பெஞ்சில் நோயாளிகளோடு வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் தன் மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன நடந்தது, என்ன நடக்காமல் போனது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிலுவையம்மாள் அக்காவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

டிக்கெட் கிடைத்துவிட்டது. பம்பாய் வழியாக, பிப்ரவரி மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மீனம்பாக்கம். ஆலிஸை அழைத்து வாருங்கள். அந்த வெள்ளை உடுப்பைப் போட்டு, முக்காட்டையும் போட்டு அழைத்து வாருங்கள். விமான நிலையத்தில் பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள்
ஃப்ளோரன்ஸ்